ஆட்டோ சங்கர் கதையில் எது நெசம்? கொலையாளி புத்தகம் படிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய தீர்ப்பு

உத்திரமேரூர்,

தொடர் கொலை செய்தவனின் உண்மைக்கதை என்று அட்டையில் போட்டிருந்தால் போதும், கையில் எடுத்தவர் முடிக்காமல் கீழே வைப்பதில்லை. படித்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சும். ''இதெல்லாம் நெசமாவே நடந்துச்சா, இல்ல எழுதுனவங்க சேத்துக்கிட்டதா?''

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. அதற்குக் காரணமானவன் ஆட்டோ சங்கர்.

செங்கல்பட்டில் தூக்கு தண்டனை

சென்னை திருவான்மியூரை நடுங்க வைத்தவன் ஆட்டோ சங்கர் என்ற கவுரி சங்கர். 6 பேரை கொலை செய்த வழக்கில் செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டு 31-5-1991 அன்று அவனுக்கு தூக்கு தண்டனை விதித்தது. அப்போது உத்திரமேரூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. 1997-ல்தான் காஞ்சீபுரம் தனி மாவட்டம் ஆனது.

17-7-1992 அன்று ஐகோர்ட்டு தண்டனையை உறுதி செய்தது. 5-4-1994 அன்று சுப்ரீம் கோர்ட்டு அப்பீலை தள்ளுபடி செய்தது. 27-4-1995 அன்று சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான்.

300 பக்க சுயசரிதை

இதற்கு நடுவில்தான் அந்த 'கதை' வந்தது. சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுமார் 300 பக்க சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட ஆரம்பித்தது. அதிகாரிகள் சிலருக்கும் சங்கருக்கும் தொடர்பு இருந்ததாக அதில் கூறப்பட்டிருந்தது.

''அதை சங்கர் எழுதவே இல்லை, நிறுத்துங்கள்'' என்ற ரீதியில் சிறைத்துறை ஐ.ஜி. 15-6-1994 அன்று கடிதம் அனுப்பினார். பத்திரிகை தரப்பு கோர்ட்டுக்கு போனது. நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சுகாஸ் சென் ஆகியோர் 7-10-1994 அன்று தீர்ப்பு கூறினார்கள்.

தீர்ப்பு சொன்னது என்ன?

* கோர்ட்டு ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுதலாம்.

* அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், கல்யாணம், பிள்ளைகள் பற்றி சம்மதம் இல்லாமல் எழுதினால், அது அந்தரங்க உரிமையை மீறுவது. நஷ்டஈடு கேட்கலாம்.

* வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. வந்த பிறகு வழக்கு போடலாம்.

* கடத்தல், பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயரை வெளியிட்டு அவர்களை அவமானப்படுத்தக் கூடாது.

ஊரறிய எழுதி வைப்பது உத்திரமேரூருக்கு புதுசு இல்லை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்திலேயே, கணக்கு காட்டாதவர், அடுத்தவர் பொருளைத் திருடியவர் எல்லாம் குடவோலை தேர்தலுக்கு தகுதி இல்லை என்று இங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். கோர்ட்டு தீர்ப்பும் அப்படி எல்லோரும் பார்க்கக்கூடிய கல்வெட்டு மாதிரிதான்.

எப்படி படிக்கணும்?

அந்த சுயசரிதையை சங்கர்தான் எழுதினான் என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்யவில்லை. எழுதவில்லை என்று வைத்துக்கொண்டுதான் தீர்ப்பே சொன்னது. 2019-ல் சங்கர் கதை வெப் சீரிசாகவும் வந்தது. அதையெல்லாம் கதையாகப் பார்ப்பதில் தப்பில்லை. சாட்சியாக எடுத்துக்கக் கூடாது.

செத்துப்போனவர் கடைசி நிமிஷத்தில் என்ன நினைத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால், அது எழுதியவரின் கற்பனை. கொலையாளி தானே சொல்லும் கதையில் அவன் பக்க நியாயம்தான் தூக்கலாக இருக்கும். தேதி, பிரிவு, கோர்ட்டு பெயர் இருந்தால் சரிபார்க்கலாம். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகளை 2023 முதல் 'இ-எஸ்.சி.ஆர்.' இணையதளத்தில் காசு இல்லாமல் படிக்கலாம்.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை ஜெயில். வாட்ஸ்-அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கொலையாளியின் பெயர் 30 வருஷம் கழித்தும் எல்லோருக்கும் தெரிகிறது. செத்தவர்களின் வீட்டுக்காரர்களுக்கோ அது புத்தகம் இல்லை, அவங்க வீட்டு சாவு என்பது குறிப்பிடத்தக்கது.