ஆன்லைன் வகுப்பில் கவனம்: பெற்றோர் செய்ய வேண்டியதும் கூடாததும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் கைக்குப் போன செல்போன், பள்ளிகள் திறந்த பிறகும் நம் கைக்குத் திரும்பவில்லை. நீட், ஜேஇஇ பயிற்சி, மழை விடுமுறையில் நடக்கும் வகுப்பு, வீட்டுப்பாடம் வரும் வாட்ஸ்அப் குழு என்று படிப்பில் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் போனைப் பிடுங்கி வைக்கும் பழைய வைத்தியம் இப்போது பலிப்பதில்லை.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் போனைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். கூகுள் மீட்டில் இயற்பியல் பாடம் நடக்கிறது. மேலிருந்து ஓர் இன்ஸ்டாகிராம் அறிவிப்பு இறங்குகிறது. அதைத் தொட்டதும் வகுப்பு ஓரத்தில் சின்னப் பெட்டியாகச் சுருங்குகிறது. ஆசிரியரின் குரல் மட்டும் கேட்கிறது. கேமரா அணைந்திருப்பதால் ஆசிரியருக்குத் தெரிவது அவள் பெயர்தான். வருகைப் பதிவில் இருக்கிறாள், பாடத்தில் இல்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டித் தீர்க்க முடியாது. அறிவிப்புகள், முடிவே இல்லாத ரீல்ஸ், தானாகத் தொடங்கும் அடுத்த வீடியோ எல்லாம் பார்ப்பவரைப் பிடித்துவைக்கவே உருவாக்கப்பட்டவை. பெரியவர்களே தடுமாறும் இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் துணை தேவை.

வகுப்பு நேரத்துக்கு மட்டும் பூட்டு

எந்த நேரம் வகுப்பு, எந்தச் செயலிகள் பாடத்துக்கு வேண்டும் என்று முதலில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வேண்டும் என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். பள்ளிக் குழுவை விட்டுவிட்டு மற்றக் குழுக்களை மியூட் செய்தால் போதும்.

பிறகு போனின் செட்டிங்ஸுக்குப் போங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதியில் ‘ஃபோகஸ் மோட்’ இருக்கும். கவனத்தைக் கலைக்கும் செயலிகளைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் அவை திறக்காது, அறிவிப்பும் வராது. ஐபோனில் இந்த வேலையை ‘ஸ்கிரீன் டைம்’ செய்யும். ஆண்ட்ராய்டின் ‘ஆப் பின்னிங்’ வசதியில் வகுப்புச் செயலியைத் திரையில் பொருத்திவைத்தால், பின் எண் போடாமல் வெளியே வர முடியாதபடி செய்யலாம். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்து, பார்த்தவற்றின் பதிவையும் அழித்து நிறுத்திவைத்தால் முகப்பில் வந்து குவியும் பரிந்துரைகள் மறைந்துவிடும்.

இதோடு இரண்டு பழக்கங்கள் வேண்டும். வகுப்பு நேரத்தில் கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும்; எழுதும் கை ரீல்ஸைத் தள்ளாது. இரவில் எல்லாருடைய போனும் கூடத்திலேயே சார்ஜ் ஆகட்டும். அப்பாவின் போனும் அங்கே இருந்தால்தான் அந்த விதிக்கு மதிப்பு.

பள்ளிக்கும் எல்லை உண்டு

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போது கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. நேரலை வகுப்புகள் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டுக்கு மிகாமலும், 9 முதல் 12 வரை நான்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று அது பரிந்துரைத்தது. காலை முதல் மாலை வரை இடைவெளியே இல்லாமல் திரையில் உட்காரவைத்தால் எந்தப் பிள்ளையின் கவனமும் நிற்காது. இந்த அளவைச் சுட்டிக்காட்டிப் பள்ளியிடமோ பயிற்சி மையத்திடமோ இடைவெளி கேளுங்கள்.

பிள்ளையின் உரிமை

பிள்ளைக்குத் தெரியாமல் உளவுச் செயலி போட்டு, அரட்டையை எல்லாம் வாசிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவும் குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. உளவு வெளிப்பட்ட நாளில் பிள்ளை வேறொரு ரகசியக் கணக்கைத் தொடங்கும். உண்மையான ஆபத்து வரும்போது உங்களிடம் சொல்லாது.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரங்களைத் தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஆபத்து என்றால் யாரிடம் போவது?

கவனச்சிதறல் வேறு, ஆபத்து வேறு. விளையாட்டிலோ மோசடியிலோ பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால்தான் பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்புண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துபவரையும் விளம்பரப்படுத்துபவரையும் குற்றவாளியாக்குகிறது, ஆடியவரைத் தண்டிக்கவில்லை. பயந்து மறைக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பிள்ளையின் அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் ஆபாசப் படத்தைப் பரப்புவது போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் செய்யலாம். போன் இல்லாவிட்டால் தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போயிருந்தால், 14416 டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து இந்தக் கட்டுப்பாடுகளைத் திருத்துங்கள். தானாகச் சமாளிக்கத் தொடங்கியிருந்தால் ஒரு பூட்டை எடுத்துவிடுங்கள். நாளை கல்லூரி விடுதியில் ஃபோகஸ் மோட் போட்டுவிட நாம் இருக்கப்போவதில்லை. அதற்குள் அந்தப் பொத்தானைத் தானே அழுத்தப் பிள்ளை பழகியிருக்க வேண்டும்.