பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய டயர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, துருவேறிய தகட்டை வெட்டியெறிந்து புதுத் தகடு பொருத்தி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, இருக்கைகளுக்குத் தோல் தைத்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எந்த வர்ணம் பூசியிருந்ததோ அதே வர்ணத்தை ஆராய்ந்து பூசி, ஆண்டுக்கணக்கில் பணத்தையும் பொறுமையையும் செலவிடுகிற ரசிகர்கள், டயர் விஷயத்துக்கு வரும்போது மட்டும் அரை மணி நேரத்தில் தீர்மானம் செய்துவிடுவது விசித்திரமான வழக்கம். ரிம்மில் உட்காருமா, பார்வைக்கு எடுப்பாக இருக்குமா என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எத்தனை குதிரைசக்தி உடைய காராயினும் அது சாலையைத் தொடுவது நான்கு இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. வேகமெடுப்பதும் நிற்பதும் திரும்புவதும் அந்தச் சிறு பரப்பின் தயவால்தான் நடந்தாக வேண்டும்.

பழைய காருக்குச் சிறந்த டயர் எது என்று கேட்டால், மிக அகலமானதும் மிகுந்த பிடிப்பு உள்ளதும் எதுவோ அதுவே என்று பதில் சொல்லும்படி புதுக் கார்களின் அனுபவம் நம்மைத் தூண்டும். அந்தப் பதில் பெரும்பாலும் தவறானது. கார் பிறந்த காலத்து எஞ்சினியர், எந்த வகை டயரை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கின் விறைப்பையும் சக்கரத்தின் சாய்மானத்தையும் ஸ்டியரிங்கின் கனத்தையும் நிர்ணயித்தாரோ, அந்த வகைக்கு நெருங்கிய சுபாவமுள்ள டயரே அந்தக் காருக்கு உத்தமமானது. ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்த்தால் விஷயம் விளங்கும்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஜாகுவார் கம்பெனி, 1961-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனீவாவில் வெளியிட்ட ஈ-டைப் கார், விமானத் தொழிலில் பயின்ற மால்கம் சேயர் வடித்த உடலழகால் மட்டுமின்றி, மணிக்கு 150 மைல் வேகம் என்ற விளம்பரத்தாலும் உலகத்தைத் திகைக்க வைத்தது. 3.8 லிட்டர் கொள்ளளவும் 265 குதிரைசக்தியும் உடைய அந்த எஞ்சினைத் தாங்கி ஓடிய சக்கரங்களோ, ஸ்போக் கம்பிகள் பின்னிய, 5 அங்குலமே அகலமுள்ள ரிம்கள். அவற்றில் ஏறியிருந்தவை 6.40-15 என்ற அளவுள்ள டன்லப் ஆர்.எஸ்.5 டயர்கள். 6.40 அங்குலம் என்பது சுமார் 163 மில்லிமீட்டர். இன்று நம் தெருவில் நிற்கும் சாதாரணக் குடும்பக் கார்களிலேயே இதைவிட அகலமான டயர்களைச் சகஜமாகக் காணலாம். அவ்வளவு ஒல்லியான டயரை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகத்தை எவ்வாறு ஆண்டார்கள் என்பதை அறிய, டயரின் உள்ளமைப்பைச் சற்றே கவனிக்க வேண்டும்.

ரப்பருக்கு அடியில் நூல் அடுக்குகள் உண்டு. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி டயருக்கு உருவம் தருபவை அவையே. பழைய முறையில் இந்த அடுக்குகள் ஒன்றை ஒன்று சாய்வாக வெட்டிச் செல்லும்படி போடப்பட்டன. ஆங்கிலேயர் கிராஸ்-பிளை என்றும், நம் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்றும் சொல்லுவது இந்த வகையைத்தான். இதில் பக்கச் சுவரும் தரையைத் தொடும் பட்டன் பகுதியும் ஒரே கட்டுமானமாக இருப்பதால், திருப்பத்தில் சுவர் வளையும்போது பட்டனும் உடன் நெளிகிறது; சக்கரம் நோக்கும் திசைக்கும் கார் உண்மையில் செல்லும் திசைக்கும் இடையே ஒரு கோணம் விழுகிறது; அந்தக் கோணம் படிப்படியாக விரிந்துகொண்டே போவதால், டயர் வழுக்கப் போகிறது என்ற செய்தி ஸ்டியரிங் வழியாக ஓட்டுகிறவருடைய கைக்கு முன்கூட்டியே வந்து சேருகிறது. சாலையின் நீளவாக்குப் பள்ளங்களில் கார் இழுபடுவதும், டயர் சீக்கிரம் சூடேறித் தேய்வதும் இதன் குறைகள்.

பிரான்ஸ் தேசத்து மிஷ்லின் கம்பெனி 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் கடைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர் இந்தக் கட்டுமானத்தையே மாற்றிவிட்டது. நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓட, பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான பட்டை ஒன்று டயரைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. சுவர் தாராளமாக வளைந்தாலும் பட்டன் தரையோடு தட்டையாகப் படிந்து நின்றது. பிடிப்பும் உழைப்பும் மிகுந்தன. ஆயினும் பிடிப்பின் எல்லை தொலைவில் இருப்பதனால், அதைத் தாண்டும் கணத்தில் ரேடியல் தரும் எச்சரிக்கை பழைய டயரினும் சுருக்கமானது. ஜாகுவாரும் காலத்தோடு சென்றது: 1960-களின் பிற்பகுதியில் ஈ-டைப்புக்கு 185-15 அளவுள்ள ரேடியல்கள் வந்தன, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு 1971-இல் வந்த மூன்றாம் வரிசைக்கு இன்னும் அகலமான ரேடியலும், அதற்கேற்ற அகல ரிம்மும், கையின் பாரத்தைக் குறைக்கும் பவர் ஸ்டியரிங்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. டயரை மாற்றியபோது தயாரித்தவர்களே மற்றவற்றையும் உடன் மாற்றினார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

ஆகவே முதல் தீர்மானம், பழைய சாய்வு நூல் டயரா, ரேடியலா என்பது. மூலத்தன்மையை மதிப்பெண் இட்டு அளக்கும் கண்காட்சிப் போட்டிகளுக்கே காரை வைத்திருப்பவர், 1961-ஆம் ஆண்டு வண்டிக்கு அக்காலத்து மாதிரி டயரைத் தேடுவது நியாயம். அத்தகைய டயர்களும் இன்று புதிதாக வார்க்கப்படுகின்றன. சாலையில் ஓட்டி மகிழ விரும்புகிறவருக்கு, அதே கார்க் குடும்பம் சில ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்ட 185-15 ரேடியலே என் அபிப்பிராயத்தில் தகுந்தது. மிஷ்லின், பிரெல்லி போன்ற கம்பெனிகள் பழைய கார்களுக்கென்று அக்காலத் தோற்றத்திலேயே பிரத்தியேகமாக டயர்கள் செய்து விற்பதால், கண்ணுக்கும் குறையிராது. ஜெர்மனியில் போர்ஷே கம்பெனி, தன் பழைய மாதிரிகளுக்குத் தானே சோதித்து அங்கீகரித்த டயர்களில் முத்திரை எழுத்து ஒன்றைப் பொறிக்க ஏற்பாடு செய்திருப்பது, வாங்குகிறவருக்குப் பெரிய சௌகரியம்.

அடுத்தது அளவு. இங்கேதான் அநேகர் ஏமாறுகிறார்கள். இக்காலத்து டயரில் 185/65 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று அர்த்தம். பழைய டயரில் வெறும் 185-15 என்றே இருக்கும். விழுக்காடு குறிக்காத இடத்தில் அது 80-ஐ ஒட்டியது என்று கொள்ள வேண்டும். இரண்டும் 185, இரண்டும் 15 என்று நினைத்து மலிவானதை மாட்டினால், சுமார் 677 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 621-ஆகச் சுருங்கிவிடும். வேகமானி 100 என்று காட்டும்போது கார் உண்மையில் 92-இல்தான் சென்றுகொண்டிருக்கும். எஞ்சின் அதே வேகத்துக்கு முன்னிலும் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கும். காரின் அடிவயிறும் தரையை நோக்கி ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும்.

அகலத்தைக் கூட்டுவதிலும் இதைப் போன்ற விபரீதங்கள் உண்டு. 5 அங்குல ரிம்மில் 225 மில்லிமீட்டர் டயரைத் திணித்தால் இரு விளிம்புகளும் நெருக்கப்பட்டு, பட்டனின் நடுப்பகுதி மட்டுமே தரையில் அழுந்தும். அகலத்துக்குக் கொடுத்த பணம் வீண். ரிம்மையும் அகலமாக்கினால், பவர் ஸ்டியரிங் இல்லாத முதல் வரிசைக் காரை நிறுத்துமிடத்தில் திருப்புவதே தேகப்பயிற்சியாகிவிடும். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உராயும். மிகுந்த பிடிப்பினால் கார் முன்னிலும் அதிகமாகச் சாயும். அந்தப் பலமெல்லாம் சக்கரத்தின் பேரிங்குகளையும் ஒல்லியான ஸ்போக் கம்பிகளையும் சென்று தாக்கும்.

டயரின் சுவரில் உள்ள வேக எழுத்தையும் பார எண்ணையும் அலட்சியம் செய்யலாகாது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240 என்பது இன்றைய கணக்கு. உரிமையாளர் 80-க்கு மேல் போவதே இல்லை என்பது சமாதானமாகாது. வேகத் தகுதி மிகுந்த டயரின் கட்டுமானம் சூட்டைத் தாங்கவும் திருப்பத்தில் உறுதியாக நிற்கவும் செய்யப்பட்டது. மேலும் சில நாடுகளில் காரின் தகுதிக்குக் குறைந்த டயர் இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய இடமுண்டு. பார எண் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். பளு குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாக வருவதில்லை.

ஸ்போக் சக்கரத்துக்கு டியூப் அவசியம். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து முடிவதால், டியூப்லெஸ் டயரை அப்படியே மாட்டினால் காற்று நில்லாது. கம்பி முனைகள் டியூபைக் குத்தாதபடி ரிம்மின் நடுவே ரப்பர் நாடா ஒன்று சுற்றியிருக்க வேண்டும். ரேடியலுக்கென்று செய்த டியூபையே கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு சிறு விஷயம், கடைக்காரர்களே மறந்துவிடுவது: புதிய டயரின் உட்புறத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய காகிதச் சீட்டு ஒன்று சில சமயம் இருக்கும். டியூப் இல்லாத சக்கரத்தில் அதனால் தீங்கில்லை; டியூப் போட்டதும், ஓட்டத்தில் அந்தச் சீட்டின் விளிம்பு டியூபை அரைத்து அரைத்து, ஆணி ஏதும் ஏறாமலே பஞ்சராக்கிவிடும். மாட்டுவதற்கு முன் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்த்து, சீட்டை உரித்தெறிந்து, பிசினையும் துடைத்துவிடுவது நலம்.

எல்லாவற்றினும் முக்கியமானது வயது. பழைய கார்கள் ஆண்டில் சில நூறு மைல்களே ஓடுவதால் பட்டன் தேய்வதில்லை. மொட்டை டயரைக் கண்டால் எவரும் மாற்றுவார், முழுப் பட்டனோடு மூப்படைந்த டயரை எவரும் சந்தேகிப்பதில்லை. ரப்பர் மரத்தின் பாலிலிருந்து பிறந்த பொருள் காற்றும் வெயிலும் பட்டு வறண்டு இறுகும் சுபாவமுடையது. அதைத் தடுக்க ரப்பரோடு கலக்கப்படும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காக்கிறது. கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவு. தயாரித்த தேதி சுவரிலேயே இருக்கிறது: நீள்வட்டத்துக்குள் 3518 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் என்று பொருள். இது ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருப்பதும் உண்டாகையால், காருக்கு அடியில் குனிந்து உட்புறத்தைப் பார்க்க நேரலாம். மூன்றே இலக்கம் இருந்தால் டயர் 2000-த்துக்கு முற்பட்டது. அதை உடனே கழித்துவிட வேண்டியதுதான். ஐந்து ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் பரிசோதிப்பதும், பத்து ஆண்டானதும் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவதும் டயர்க் கம்பெனிகள் பல சொல்லும் புத்திமதி.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் மாண்ட விபத்தில், மிதமிஞ்சிய வேகமே காரணம் என்று கண்ட புலனாய்வாளர்கள், அந்த போர்ஷே கரேரா ஜி.டி. காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும், அதனால் காரின் கட்டுப்பாடு குறைந்திருக்கலாம் என்பதையும் குறிப்பிட்டார்கள். பிரிட்டனில், பெரிய மாற்றங்கள் செய்யாத நாற்பது வயது கடந்த கார்களுக்கு 2018 முதல் வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்றாகிவிட்டபடியால், அங்கே இத்தகைய டயரைக் குனிந்து பார்க்கும் பொறுப்பு முற்றிலும் உரிமையாளர் தலையில் விழுகிறது.

வாங்கும்போது நான்கையும் ஒன்றாக, ஒரே வகையாக வாங்குவதே முறை. ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் விசேஷம். முன்னால் ரேடியலும் பின்னால் சாய்வு நூல் டயரும் போடுவது மிகக் கெட்ட சேர்க்கை. முன்புறம் பிடித்து நிற்க, பின்புறம் விலகி, கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டுவிடும். மாட்டிய பிறகு, வார்ப்பு அச்சிலிருந்து கழன்றுவரப் பூசிய வழவழப்புத் தேயும் வரையில், முதல் 150 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்ட வேண்டும். காற்றின் அளவை நிர்ணயிக்கும்போது, காரின் பழைய கையேடு சாய்வு நூல் டயருக்குச் சொன்ன அளவை ரேடியலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ரேடியலுக்கு உரிய அளவை டயர் விற்பவரிடம் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவையும் விசாரித்த பிறகும் இரண்டு டயர்களுக்கிடையே மனம் ஊசலாடினால், அதிகப் பிடிப்புள்ளதை விடுத்து, காரின் முதல் டயருக்கு அளவிலும் கட்டுமானத்திலும் நெருங்கியதையே எடுத்துக்கொள்ளலாம். அதனால் திருப்பத்தில் சில மைல் வேகம் குறையக்கூடும். ஆனால் பழைய காரை ஓட்டுவதன் சுகமே, அது எல்லையை நெருங்குவதை எட்டும் முன்பே கையால் உணர்வதில் இருப்பதால், அந்த நஷ்டத்தை எந்த ரசிகரும் நஷ்டமாக எண்ணமாட்டார்.