எந்த மாதத்துத் தோல்?

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் மானைப் பார்த்ததும், "இது நிஜ மானா?" என்று கேட்காத பிள்ளை உண்டா? தோல் நிஜம், கொம்பு நிஜம். மற்றதெல்லாம் கைவேலை. கண்கள் கண்ணாடியால் ஆனவை. உள்ளே சதையும் கிடையாது. இந்தக் காலத்தில் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையில் வார்த்த உருவம்தான் இருக்கும். அதன்மேல் தோலைப் போர்த்தி, பசை தடவி, தைத்து நிறுத்துவதைத்தான் பாடம் செய்வது என்கிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கலையைப் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைவால் மானின் தலையில்தான் தொடங்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் உரிமம் வாங்கி அதை வேட்டையாட அங்கே அனுமதி உண்டு. ஆகவே தோலுக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டுக் கதை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான் தோலையோ கடமான் தோலையோ வாங்குவதும் விற்பதும் குற்றம்; உரிய சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

சரி, அமெரிக்கக் கடையில் பத்துத் தோல்கள் தொங்குகின்றன. முதன்முதலாகப் பழகுபவர் எதை எடுப்பார்?

அந்த மான் எந்த மாதத்தில் வேட்டையாடப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி. காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிகாகோவில் இருக்கும் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கார்ல் ஏக்லி என்ற மேதை பாடம் செய்த வெள்ளைவால் மான்கள் 1902-இல் அங்கே வந்து சேர்ந்தன. ஒரே இனத்து மான்களை வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களில் நிறுத்தியிருக்கிறார். சுற்றியுள்ள செடிகளுக்கு அவரும் மனைவி டீலியாவும் மெழுகில் ஆயிரக்கணக்கான இலைகள் செய்தார்கள். வேறு பலர் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏக்லியோ களிமண்ணில் தசை தசையாக உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, இலேசான உள்ளீடற்ற உடலை வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார்.

அந்த மான்களில் கோடைக்கால மான் செம்பழுப்பு நிறம். குளிர்கால மான் சாம்பல் பூத்த பழுப்பு. இரண்டும் வேறு வேறு இனமல்ல. இந்த மானுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை முடி மாறும். கோடை முடி குட்டை, மெலிசு. குளிர்கால முடி நீளம், தடிமன். ஒவ்வொரு முடிக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கும், அடியில் கம்பளி போன்ற மென்மயிரும் இருக்கும். அந்தக் காற்றுதான் பனியில் மானின் உடல் சூடு வெளியே போகாமல் காக்கிறது. புதிதாகப் பழகுபவருக்கோ இதில் வேறொரு இலாபம்! அவருடைய கோணல்மாணல் தையலை நீண்ட முடி மூடிவிடும். கோடை முடித் தோலில் ஒவ்வொரு தையலும் ஊரறியத் தெரியும். குளிர்காலக் கடைசிக்குப் போனாலும் சிக்கல்தான். சண்டையிலும் உரசலிலும் முடி அங்கங்கே ஒடிந்திருக்கும். ஆகவே இலையுதிர் காலத்தின் பிற்பகுதித் தோலே நல்ல தேர்வு.

அடுத்தது முடியின் பிடிப்பு. மான் இறந்ததும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிடும். முடியை அவற்றால் எளிதில் சிதைக்க முடியாது. அது கெரட்டின் என்ற உறுதியான புரதம். ஆனால் முடியின் வேர் பதிந்திருக்கும் மேல்தோலை அவை சிதைத்துவிடும். வெயிலில் சில மணி நேரம் உப்புப் போடாமல் கிடந்தாலே போதும். பிறகு எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலும் பயனில்லை. அதனால் அனுபவசாலிகள் தோலைக் கையில் எடுத்ததும் முதுகைத் தடவிக்கொண்டிருக்க மாட்டார்கள். காதின் ஓரம், கண்ணைச் சுற்றி, உதட்டருகே என்று மூன்று இடங்களில் சில முடிகளை இரு விரலால் பிடித்து மெல்ல இழுப்பார்கள். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. கொத்தாக, அடியில் பொடுகு போன்ற மேல்தோலோடு வந்தால் அந்தத் தோலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பதனிடுவது என்றால் என்ன? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு அதற்கு. முதலில் உப்பு, தோலின் நீரை இழுக்கும். பிறகு அமிலக் கரைசல் இழைகளைத் திறந்துவிடும். அதன்பின் அலுமினிய உப்புகளோ வேறு பதனிடு பொருள்களோ உள்ளே போய் இழைகளைப் பிணைக்கும். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் நீரிலேயே சுருங்கிவிடும். குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுகிறார்கள் அல்லவா? அந்த முறையில் தொடக்க வேலைகளில் ஒன்று சுண்ணாம்பு போட்டு முடியை நீக்குவது. பாடம் செய்யும் தோலின் பக்கத்தில்கூடச் சுண்ணாம்பு வரக் கூடாது.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பட்டுப்போல மெத்தென்றிருக்கும் தோலைப் பார்த்ததும் "இதுதான் உயர்ந்தது" என்று வாங்கிவிடுவார்கள். அது தரையில் விரிக்கவோ உடை தைக்கவோ எண்ணெய் ஊட்டி, பிசைந்து மென்மையாக்கியது. பெரும்பாலும் அதில் முகமே இருக்காது. பாடம் செய்யத் தேவையான தோலோ நனைத்தால் நீரை உறிஞ்சி, இழுத்த பக்கம் நீள வேண்டும். இமை ஓரம் கிழியாமல், காதின் குருத்தெலும்பு எடுக்கப்பட்டு, உதடு உள்பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பிடரியில் சிறு ஓட்டை இருந்தால் தைத்துவிடலாம். கண் ஓரத்தில் இருந்தால் புதியவர் கை அதற்குப் போதாது.

கடைசியாக அளவு. மூக்கு நுனியிலிருந்து கண்ணின் முன்மூலை வரை 7 அங்குலம், காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவு 18 அங்குலம் என்று இரண்டு எண்களைச் சொன்னால் நுரை உருவம் கிடைக்கும். நவம்பரில், இணை தேடும் பருவத்தில் கிடாவின் கழுத்து வீங்கிப் பருத்துவிடும். அதே மானுக்கு ஆகஸ்டில் எடுத்த அளவு அப்போது உதவாது. முதல் முயற்சியில் தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் வேறொரு கிடாவின் தோலைத் தேடி வாங்குகிறார்கள். சுவரில் தொங்கும் தலைகள் சிலவற்றில் கொம்பு ஒரு மானுடையது, முகம் இன்னொரு மானுடையது.