வெள்ளை வீசும் வரை பொறுத்திருங்கள்!



மீன் பிடிப்பதிலும் போட்டி உண்டா என்று கேட்டால் உங்களில் பலர் புன்னகைக்கக் கூடும். கடலோர மக்களுக்கு மீன்பிடித்தல் பிழைப்பு. வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்கோ அது கோடையில் என்றோ ஒரு நாள் வாய்க்கும் மகிழ்ச்சி. ஆனால், நாள் முழுதும் குளக்கரையில் அமர்ந்து மீன் பிடித்து, அதை எடைபோட்டு, மிகுதியாகப் பிடித்தவருக்குப் பரிசளித்து, பிறகு அத்தனை மீன்களையும் உயிரோடு அதே குளத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் போட்டி ஒன்று உலகில் இருக்கிறது. நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய்களிலும் ஒரு போட்டி உண்டு. இங்கே எவரும் வெறுங்கையோடு திரும்ப விரும்புவதில்லை! இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கொரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலேயர் குளத்தில்...

இங்கிலாந்தில் நன்னீர் மீன்களை இரு பிரிவாகச் சொல்வார்கள். சால்மன், ட்ரவுட் போன்றவை பெருநிலக்கிழார்கள் விரும்பிய உயர்ந்த மீன்கள். கெண்டை இனத்தைச் சேர்ந்த கார்ப், ரோச், டெஞ்ச் முதலானவை 'கோர்ஸ்' மீன்கள், அதாவது சாதாரண மீன்கள். தொழிலாளர் நிறைந்த நகரங்களில் சங்கங்கள் அமைத்து இந்தச் சாதாரண மீன்களைத் தூண்டிலில் பிடிக்கும் வழக்கம் வேரூன்றியது. அச்சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1903ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. உலகப் போட்டிகளும் 1957 முதல் நடைபெற்று வருகின்றன.

பிற்காலத்தில் போட்டிக்கென்றே குளங்களை வெட்டி, கெண்டைகளை விலைக்கு வாங்கி விட்டு வளர்க்கலானார்கள். போட்டியன்று கரை நெடுக எண்ணிட்ட முளைகள் இருக்கும். எந்த முளை யாருக்கு என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்யும். செல்வந்தரானாலும் சரி, சுரங்கத் தொழிலாளியானாலும் சரி, சீட்டு காட்டிய இடத்தில்தான் அமர வேண்டும். ஊதல் ஒலித்த பிறகே தூண்டில் நீரில் விழலாம். பெரும்பாலும் ஐந்து மணி நேரத்திற்குப் பின் மீண்டும் ஊதல் ஒலிக்கும்; அத்துடன் ஆட்டம் முடிந்தது. அதுவரை பிடித்த மீன்கள் நீருக்குள் தொங்கும் நீண்ட வலைப்பையில் உயிரோடு இருக்கும். அவற்றை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு குளத்திலேயே விட்டுவிடுவார்கள். வாயைக் கிழிக்காதிருக்க, முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாத தூண்டிலையே பயன்படுத்த வேண்டும் என்று பல குளங்களில் விதி உண்டு. அந்நாட்டின் ஆறுகளிலோ மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இம்மீன்களைப் பிடிக்கவே கூடாது. அது அவை முட்டையிட்டுப் பெருகும் காலம்.

எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள்! ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. உண்பதற்காக அன்றி, பொழுதுபோக்கிற்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தலாமா? மீனுக்கு வலிக்காது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும், ட்ரவுட் மீனின் முகத்திலும் வாயைச் சுற்றிலும் தீங்கை உணரும் நரம்புகள் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும், திரும்ப விட்டுவிடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்துவிட்டது. உயிருள்ளவற்றை இலக்காக நிறுத்தி விளையாடுவதை நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை அறிந்த நமக்கு, இந்தக் கவலை புதிதன்று.

கண்மாய்க் கரையில்...

இனி நம் ஊருக்கு வாருங்கள்.

பாளையம்பட்டியைச் சுற்றியுள்ள நாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வாழ்வு. வரத்துக்கால் வழியே வந்த நீர் கண்மாயில் நின்று, மடை வழியே வயலுக்குப் பாய்ந்து, மிஞ்சினால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். பங்குனி, சித்திரையில் கருவேல மரங்களின் நிழலில் முழங்கால் அளவு நீர்தான் மிஞ்சும். அப்போதுதான் ஊரில் தண்டோரா போடுவார்கள்: "நாளைக் காலை கண்மாய் அழிகிறது!"

கண்மாய் அழிதல் என்றால் உடைதல் அன்று. ஊரார் அனைவரும் இறங்கி மீன் பிடிக்க அதைத் திறந்துவிடுதல். விருதுநகர் மாவட்டத்தில் மட்டுமன்று; சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலும் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கமும் இதை மீன்பிடித் திருவிழா என்றே அழைக்கிறார்கள். விடியுமுன்பே பக்கத்து ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து கரையில் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கையில் வலை, ஒருவர் கையில் அரிகூடை, பலர் கையில் ஊத்தா. ஊத்தாவை அறியாத இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மூங்கிற் சிம்புகளால் பின்னப்பட்டு, மேலும் கீழும் திறந்து, அடி அகன்று, வாய் குறுகிய கூடை அது. சேற்றில் அதை அழுத்தியதும் உள்ளே மீன் அகப்பட்டால் சிம்பில் மோதும், கை அதிரும். மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். கெளுத்தியாக இருந்தால் முள் குத்தும். விராலாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துணியை வீசுவார். அதற்கு முன் எவரும் நீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் எழும் ஆரவாரம் இருக்கிறதே, அதைக் கேட்டவர் மறக்க மாட்டார். பிடித்ததை விற்பதில்லை. வீட்டிற்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். உறவினருக்கும் கொடுக்க வேண்டும். அன்று மாலை ஊரெங்கும் ஒரே மணம்தான்.

நான் செய்த பிழை

எனக்கு அப்போது பத்து வயது. 1980களின் இறுதி. அத்தாவோடு கரையில் நின்றுகொண்டிருந்தேன். என் காலடியருகே ஒரு விரால் மூச்சு வாங்க மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. வெள்ளை வீச இன்னும் நேரமிருந்தது. எல்லோருடைய கண்ணும் பெரியவர்மீது இருந்தது. சட்டென இறங்கி ஊத்தாவைப் போட்டுவிட்டேன். கை அதிர்ந்தது. முழங்கை நீளமுள்ள விரால்!

அத்தா மட்டும் பார்த்துவிட்டார்கள். "விட்டுடு" என்றார்கள்.

"யாரும் பாக்கலத்தா" என்றேன்.

"இந்தக் கரையில எத்தனை பேரு நிக்கிறாக பாரு. அத்தனை பேரு மீனையும் நீ ஒருத்தன் எடுத்துருக்க" என்றார்கள். குரலை உயர்த்தவில்லை. அடிக்கவும் இல்லை. நான் அழுதுகொண்டே விராலை நீரில் விட்டேன்.

வெள்ளை வீசிய பிறகு உச்சிவரை துழாவியும் எனக்குக் கிடைத்தவை இரண்டு சிறு கெண்டைகள்தாம். எங்கள் தெருவில் தறி நெய்த ஒரு முதியவர், நான் மாமா என்று அழைப்பவர், அனைத்தையும் கவனித்திருக்கிறார் போலும். தம் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து, "மாப்ள, இதை அம்மாகிட்டக் குடு" என்று என் கையில் வைத்தார். அது விரால் அன்று, கெளுத்திதான். ஆனால் அந்தக் குழம்பின் சுவை இன்றும் என் நாவில் இருக்கிறது.

எது போட்டி? எது கொள்ளை?

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! குலுக்கல் சீட்டும் வெள்ளைத் துணியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வலியவன் முந்திக்கொள்ளாமல் அனைவரையும் ஒரே கோட்டில் நிறுத்துகின்றன. இறுதி ஊதலும், விற்கக் கூடாது என்ற நம் வழக்கமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆசைக்கு ஓர் எல்லை வகுக்கின்றன. வரம்பு இருப்பதால்தான் அது போட்டி. வரம்பை எடுத்துவிட்டால் அது கொள்ளை.

இருபுறமும் குறையும் உண்டு. அங்கே நுழைவுப் பணத்தைத் திரட்டி வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் சூதை ஒட்டி நிற்கிறது. இங்கே ஒரே நாளில் குஞ்சுகள்வரை அள்ளிவிடுகிறோம். ஆனால் வெயிலில் வற்றிச் சாகவிருந்த மீன்களை ஊர் பகிர்ந்து உண்டது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இன்று நம் கண்மாய்களில் உள்ளவையும் பெரும்பாலும் விட்டு வளர்த்த மீன்களே. ஜிலேபி 1952இல் நம் நாட்டிற்கு வந்தது. கட்லா, ரோகு ஆகியவை வட நாட்டு ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரியும் அவருடைய சகாவான அலிக்குஞ்ஞியும் ஊசி மருந்தின் மூலம் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார்கள். ஊர்தோறும் மீன்குஞ்சு கிடைக்க வழி பிறந்தது. அந்த ஜூலை 10ஐ இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

குஞ்சு விடப் பணம் வேண்டும். எனவே 'மீன்பாசி ஏலம்' வந்தது. ஏலம் எடுத்தவருக்கே மீன் என்றாகும்போது, கரையில் நின்ற ஊர் வேடிக்கை பார்க்கும் ஊராகிவிடுகிறது. குத்தகைதாரரைக் குறை சொல்லவில்லை. அவர் முதல் போட்டவர். ஏல வருவாய் ஊர்ப்பணிக்குப் பயன்படுவதும் நல்லதே. ஆயினும், அவர் தம் மீனைப் பிடித்து முடித்தபின் ஒரு நாளை ஊருக்கென ஒதுக்கும்படி ஏலத்தின்போதே பேசிக்கொண்டால் என்ன? கிராம சபையில் இதை எடுத்துச் சொல்ல நம்மவர்கள் ஏன் முன்வரக் கூடாது?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

வரும் கோடையில் பக்கத்து ஊரில் கண்மாய் அழிகிறது என்று கேள்விப்பட்டால் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சேறு படட்டும், கழுவிக்கொள்ளலாம். பல சமூகத்தாரும் ஒரே நீரில் நிற்பதை அவர்கள் காணட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மீன் காலடியில் துள்ளும்போதும் வெள்ளை வீசும் வரை பொறுத்திருக்கப் பழகட்டும். ஹலாலான மீனும் முறைதவறி எடுத்தால் பிறர் உரிமையாகிவிடும் என்பதை மதரஸாவில் நான் பத்து நாள் விளக்கலாம். என் அத்தா அதை ஒரு விராலைக் கொண்டு எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பிறர் பங்கை மதித்து, வரம்பு மீறாமல் வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் கண்மாய்களை மழையால் நிரப்புவானாக! ஆமீன்.