ஐம்பொன்னும் காந்தக் குளிரூட்டலும்

தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் சிலை வார்க்கும் தபதிகள், மெழுகில் வடித்த உருவத்தின்மீது காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி அச்சு உருவாக்குவர். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறும். அவ்விடத்தை உருகிய உலோகம் நிரப்பும். ஐம்பொன் என்று பெயரிருப்பினும் ஐந்தும் அதில் சம அளவில் கலப்பதில்லை. செம்பே பெரும்பகுதி, பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவே சேரும். ஓர் உலோகத்தை முதன்மையாகக் கொண்டு பிறவற்றைச் சிறிது சேர்ப்பதே உலோகவியலின் நெடுங்கால வழக்கம்.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களை ஏறத்தாழச் சம அளவில் கலந்தால் என்னவாகும்? தைவானின் யே, இங்கிலாந்தின் கேன்ட்டர் ஆகியோர் 2004இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இவ்வினாவிற்கு விடை தந்தன. பலவகை அணுக்கள் ஒரே படிகத்தில் ஒழுங்கின்றி இடம்பெறுவதால் இவை ‘உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகள்’ எனப்பட்டன. என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு. யே, பெங்களூரின் ரங்கநாதன், சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பி. எஸ். மூர்த்தி ஆகிய மூவரும் 2014இல் இத்துறை பற்றி நூலொன்றை வெளியிட்டனர்.

இக்கலவைக்கும் குளிர்ச்சிக்கும் என்ன தொடர்பு? கோடையில் மண்பானை நீர் குளிர்வதை எண்ணிப் பார்க்கலாம். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது மூலக்கூறுகளின் ஒழுங்கின்மை மிகுகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய நீரிடமிருந்தே அது பெறுகிறது. காந்தப் பொருளிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. அதன் அணுக்கள் சிறு காந்தங்களைப் போன்றவை. காந்தப்புலத்தில் வைத்தால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும், பொருள் சூடாகும். அவ்வெப்பத்தை நீரால் அகற்றியபின் புலத்தை நீக்கினால், அணுக்காந்தங்கள் மீண்டும் சிதறும். அதற்கான ஆற்றலை அணுக்களின் அதிர்விலிருந்து எடுத்துக்கொள்வதால் பொருள் குளிர்கிறது. இதுவே காந்தவெப்ப விளைவு. இம்முறையால் 1933இல் ஜியாக்கும் மெக்டூகலும் 1 கெல்வினுக்கும் கீழான வெப்பநிலையை எட்டினர்.

இவ்விளைவு கியூரி வெப்பநிலையை ஒட்டியே மிகுதியாகத் தோன்றும். அருமண் தனிமமான கடோலினியத்திற்கு அது ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். அறை வெப்பநிலைக்கு வெகு அருகில் உள்ளது. ஆயினும் அதனை விட்டு விலகினால் விளைவு குன்றும். கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், எர்பியம் ஆகிய ஐந்தையும் சம அளவில் கலந்த உயர் என்ட்ரோபிக் கலவையிலோ விளைவு அகன்ற வெப்பநிலைப் பரப்பில் நீடிக்கிறது. தனிமங்களின் விகிதத்தை மாற்றி அப்பரப்பை இடம்பெயர்க்கவும் இயலும்.

டெல்டாவின் காய்கறிகளையும் நாகப்பட்டினத்து மீனையும் காக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு இச்செய்தி அயலானதன்று. இன்றைய குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஹைட்ரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் கசிந்தால் புவி வெப்பமடைதலைப் பெருக்கும். அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021இல் ஏற்பளித்தது. காந்தக் குளிரூட்டலில் அவ்வாயுக்களுக்கு வேலையே இல்லை.

எனினும், மேற்கூறிய ஐந்தனிமக் கலவை சிறப்பாகச் செயற்படுவது அறை வெப்பநிலைக்கு வெகு கீழே. மீன் கிடங்கிற்கு அது இப்போது உதவாது, வாயுக்களைத் திரவமாக்கும் பணிகளுக்கே பொருந்தும். விலையும் ஒரு தடையே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் கிடைக்கிறது. அதில் சீரியம், லாந்தனம் போன்ற இலேசான அருமண் தனிமங்களே மிகுதி. கடோலினியமும் அதன் பின்வரும் தனிமங்களும் சிறிதளவே உள்ளன. வேதிப்பண்புகளில் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால் அவற்றைத் தனித்தனியே பிரிப்பதும் எளிதன்று.