ஒரு '&' பண்ண வேலை: யூஆர்எல் என்கோடிங்

இன்னைக்கு எபிசோடை, ஒரு சின்னக் குறி என்னைப் படுத்தின பாட்டோட ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கடைக்காரர்கள் தங்களோட பாக்கிக் கணக்கைப் பார்க்க ஒரு பக்கம் எழுதினேன். கடைப் பெயரை அப்படியே யூஆர்எல்லோட கடைசியில் ஒட்டி சர்வருக்கு அனுப்பும். டெஸ்டிங்ல எல்லாம் ஓகே. லைவ் போன மறுநாள் ஒரு கடைக்காரர் போன் பண்ணார். கடைப் பேர் 'கணேஷ் & கோ'ன்னு வச்சுக்கோங்க. "தம்பி, இது என் கணக்கே இல்லையே!" அவர் ஸ்கிரீன்ல இருந்தது, வெறும் 'கணேஷ்'ங்கிற வேற ஒரு கடையோட பாக்கி. ஒருத்தர் கடனை இன்னொருத்தருக்குக் காட்டியிருக்கேன்!

என்ன நடந்தது? யூஆர்எல்ல கேள்விக்குறிக்கு அப்புறம் '&' வந்தா, "இந்தத் தகவல் முடிஞ்சது, அடுத்தது ஆரம்பம்"னு சர்வர் எடுத்துக்கும். நான் அனுப்பினது 'கடை=கணேஷ் & கோ'. அது படிச்சது 'கடை=கணேஷ்'. மிச்சமிருந்த 'கோ' தனியா நின்னுடுச்சு.

இதுக்குத்தான் பர்சென்ட் என்கோடிங். 2005ல் வந்த ஆர்எஃப்சி 3986 படி, ஆங்கில எழுத்துகள், எண்கள், ஹைஃபன், புள்ளி, அண்டர்ஸ்கோர், டில்டே, ஆக மொத்தம் 66 எழுத்துகளை மாத்தவே வேண்டாம். மத்ததை டேட்டாவா அனுப்பும்போது பைட்டா மாத்தி, ஒவ்வொரு பைட்டோட ஹெக்ஸ் மதிப்புக்கு முன்னாடி ஒரு % போடுவோம். ஸ்பேஸ் %20 ஆகும், '&' %26 ஆகும், '#' %23 ஆகும்.

தமிழ் விக்கிப்பீடியா லிங்க்கை வாட்ஸ்அப்ல போட்டா, சில நேரம் முழ நீளத்துக்கு % % %னு வருமே, அதுவும் இதேதான். 'தமிழ்'ங்கிற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5 குறிகள். யூடிஎஃப்-8ல் ஒவ்வொண்ணும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் யூஆர்எல்ல 3 எழுத்து. மொத்தம் 45!

கோட் எழுதும்போது ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல்ல, முழு முகவரியை இல்ல, உள்ளே வைக்கிற மதிப்பை மட்டும் என்கோட் பண்ணுங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல 'என்கோட் யூஆர்ஐ' முழு முகவரிக்கானது; அது '&'ஐத் தொடவே தொடாது. மதிப்புக்கு 'என்கோட் யூஆர்ஐ காம்பொனென்ட்'தான் சரி.

ரெண்டாவது, ஒரே ஒரு தடவை பண்ணுங்க. %20ஐ மறுபடி என்கோட் பண்ணா, அந்த % குறியே %25 ஆகி, %2520ன்னு வந்து நிக்கும். யூஆர்எல்ல 25ஐப் பார்த்தா, ரெண்டு இடத்துல என்கோட் ஆகுதான்னு முதல்ல தேடுங்க.

ஒண்ணு ஒத்துக்கணும். என்கோடிங் என் பக்கிலிருந்த பாதியைத்தான் சரி பண்ணுச்சு. லாகின் பண்ணவர் யாருன்னு பார்க்காம, யூஆர்எல்ல வந்த பெயரை நம்பி கணக்கைக் கொடுத்தது இன்னும் பெரிய தப்பு. அதையும் அன்னைக்கு ராத்திரியே மாத்தினேன்.

இன்னைக்கு உங்க கோடைத் திறந்து, '+' குறி போட்டு யூஆர்எல்லை ஒட்டுற இடங்களைத் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!