சென்னைக்கே அக்கா இந்த ஊர்! தெரியுமா?

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு! மீன் ஏலம், காயும் வலைகள், கருவாட்டு வாடை... இவ்வளவுதானா என்று வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். ஊரை அறிந்த ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பாருங்கள் வேடிக்கையை!

சென்னை பிறந்தது 1639-ல், இல்லையா? அதற்கு 26 ஆண்டுகள் முன்பே, 1613-ல், டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிவிட்டார்கள், தெரியுமா? பெயர் கெல்ட்ரியா கோட்டை. முந்தின ஆண்டுதான் போர்த்துகீசியர்கள் வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கியிருந்தார்கள். சும்மா இருப்பார்களா? கோட்டையே எழுப்பிவிட்டார்கள்! 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதுக்கும் டச்சு வணிகத்தின் தலைநகரம் இந்த மீனவர் ஊர்தான்!

அந்தக் கோட்டை இப்போது எங்கே? புதர் மண்டிய ஒரு மேடு, சுற்றிலும் அகழியின் தடம். அவ்வளவுதான்! பிள்ளைகள் முகம் கொஞ்சம் சுருங்கும். பரவாயில்லை, அடுத்த இடத்தில் சரியாகிவிடும்.

வாசலில் எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள்! விலா எலும்புகள்கூடத் தெரிகின்றன! சின்னப் பிள்ளைகள் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிவார்கள். பெரிய பிள்ளைகள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொல்வார்கள். உள்ளே மொத்தம் 76 கல்லறைகள்! ஊசிபோல் நிமிர்ந்த தூண்கள், குடும்பச் சின்னங்கள், பூவேலை, 17-ஆம் நூற்றாண்டு டச்சு எழுத்து! பூனையும் ஆடும் தாராளமாக உலவினாலும் இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். என்னைக் கேட்டால், ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நேராக இங்கே வந்துவிடுங்கள்.

இத்தனை பேர் கடல் கடந்து எதற்கு வந்தார்கள்? துணிக்கு! இந்தக் கரையின் நெசவுத் துணியைக் கொடுத்தால் இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் கிடைக்கும். மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் இந்த ஊர்ப் பெயர்தான்! துணி மட்டுமா? வெடிமருந்தும் இங்கே தயாராகிக் கப்பலேறியது! மனிதர்களும் ஏறினார்கள். பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு ஏற்றிப்போனார்கள். இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊரின் வழிபாட்டு இடங்களையும் விட்டுவிடாதீர்கள். போர்த்துகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515! 500 வயதைத் தாண்டிவிட்டது! கொஞ்சம் நடந்தால் செம்பாறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் சின்னப் பள்ளிவாசல். அங்கே என்ன விசேஷம் தெரியுமா? சூரியக் கடிகாரம்! பேட்டரி வேண்டாம், சாவி வேண்டாம், நிழலே மணி சொல்லும்!

சரி, ஊரை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கு வருவோம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான்! நீளம் சுமார் 60 கிலோமீட்டர். ஆழம்? சராசரியாக ஒரு மீட்டர்தான்! பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நமக்குத் தெற்கு ஓரம். ஆரணியாறும் காளாங்கியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் செழிப்பது இந்தக் கலப்பினால்தான்!

அந்த இறாலை யார் எப்போது பிடிப்பது? சண்டை வராதா? அதற்குத்தான் 'பாடு' முறை! கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கின்றன. இது தலைமுறை தலைமுறையாக மீனவர்களே போட்டுக்கொண்ட சட்டம்!

வலையே இல்லாமல் இறால் பிடிப்பவர்களும் உண்டு, தெரியுமா? இருளர் பெண்கள்! தண்ணீருக்குள் உட்கார்ந்து சேற்றைக் கையால் துழாவுகிறார்கள். இறால் விரலில் பட்டதும் லபக்கென்று பிடி! இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே, பிடித்ததை எங்கே போடுவது? பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறார்கள், அதில்தான்!

குளிர்காலத்தில் வந்தால் பூநாரைகள்! ஆயிரக்கணக்கில்! தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சாப்பிடும் பறவை இது. பிறக்கும்போது சாம்பல் நிறம். தின்னும் இரையில் இருக்கும் நிறமிதான் பிறகு இளஞ்சிவப்பாக்குகிறது! பின்பக்கமாக மடங்குகிறதே முழங்கால் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அது முழங்காலே அல்ல, கணுக்கால்!

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீட்டிப் படுத்திருக்கும் தீவு எது? ஸ்ரீஹரிகோட்டா! 1971 அக்டோபர் 9-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 நிலாவுக்குக் கிளம்பியதும் அங்கிருந்துதான்! ஏவும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே தீப்பிழம்பு மேலே ஏறுவதைப் பார்க்கலாம்!

கிளம்பும் முன் ஒரு வார்த்தை. தொப்பியும் குடிநீரும் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லறைகள் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். படகைப் பார்த்ததும் ஏறத் தோன்றும். ஆழம் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதி உண்டா என்று கேளுங்கள், உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் கால் வைக்காதீர்கள்!